சோறும் சூடும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இலக்கியம் பற்றியும் இசை பற்றியும் அறிஞர் பலர் பேசிச் சென்ற மேடை இது. இங்கே ரயில்வேச் சரக்கு அலுவலகத்தில் ரசீது எழுதும் ஒருவன் உடலியல் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு விந்தையாகத் தோன்றலாம். நான் மருத்துவன் அல்லன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். ஆயினும் மூன்று ஆண்டுகளுக்கு முன், இந்த நாகபுரிக் கோடையில், என் கண்ணெதிரே நிகழ்ந்த ஒன்று இப்பொருள் பற்றிய நூல்களைத் தேடித் தேடிப் படிக்கும்படி என்னைச் செய்தது. அதனைப் பின்னர்ச் சொல்கிறேன். கணக்கெழுதுகிறவன் கணக்கிலிருந்து தொடங்குவதே முறை.

நாம் உண்ணும் சோறு என்ன ஆகிறது? 'உண்டால்தான் தெம்பு' என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தத் தெம்பினை அளக்கும் படிக்குக் கலோரி என்று பெயர். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு பாகை சென்டிகிரேடு சூடேற்ற எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அதனையே உணவு நூலார் ஒரு கலோரி என வழங்குகின்றனர். மாவுப் பொருள் ஒரு கிராம் ஏறத்தாழ 4 கலோரி தரும், புரதமும் அவ்வாறே, கொழுப்போ 9 கலோரி தரும். நூறு கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி அடங்கியுள்ளது. உட்கார்ந்து வேலை செய்யும் என் போன்ற ஆடவனுக்கு நாளொன்றுக்குச் சுமார் 2,100 கலோரி போதும் என்றும், கடும் உடலுழைப்பு உழைப்பவனுக்கு 3,500 வரை வேண்டும் என்றும் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் வகுத்திருக்கின்றனர். அந்நிறுவனம் பிறந்த இடம் நம் குன்னூர் என்பதை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. 1918-ஆம் ஆண்டில் ராபர்ட் மக்காரிசன் என்பார் அங்கே ஒரு சிறு அறையில் தொடங்கிய ஆய்வுதான் வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு இடம் மாறிற்று.

உணவு உடலில் எரிகிறது என்று சொன்னால், அது உவமை என்றே பலரும் கருதுவர். அது உவமை அன்று, உண்மை. இதனை முதன்முதலில் அளந்து காட்டியவர் பிரெஞ்சு நாட்டு லவாசியர். 1783-ஆம் ஆண்டளவில் அவரும் லாப்லாஸ் என்பாரும் கினிப்பன்றி என்னும் சிறு விலங்கொன்றைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்துள் வைத்தனர். அதன் உடற்சூட்டால் எவ்வளவு பனிக்கட்டி உருகியது, அதன் மூச்சில் எவ்வளவு கரியமிலவாயு வெளிவந்தது என்று அளந்தனர். அடுப்புக்கரி எரிந்து அதே அளவு கரியமிலவாயுவை வெளியிடும்போது உண்டாகும் வெப்பத்தோடு அதனை ஒப்பிட்டனர். இரண்டும் ஏறக்குறைய ஒத்து வந்தன. மூச்சு விடுதல் என்பது தணலும் சுடரும் இல்லாத ஓர் எரிப்பு என்பது அன்று துலங்கிற்று. இத்தகைய பேரறிஞரைப் புரட்சிக் காலத்தில், 1794-இல், கழுத்தை வெட்டிக் கொன்றனர் என்பது வரலாற்றின் கொடுமை.

நூறாண்டு கழித்து அமெரிக்காவில் ஆட்வாட்டர் என்பார் இன்னும் ஒரு படி மேலே சென்றார். ஓர் ஆள் உள்ளே தங்கி, உண்டு, உறங்கி, உழைக்கத்தக்க ஒரு சிற்றறையையே அளவுகருவியாகக் கட்டினார். உள்ளே சென்ற உணவையும் வெளியே வந்த வெப்பத்தையும் நாட்கணக்கில் அளந்தார். வரவும் செலவும் சரியாக நின்றன. ஆண்டு முடிவில் பேரேட்டைக் கூட்டிப் பார்த்து, ஒரு ரூபாய் உதைக்கிறது என்று இரவு பத்து மணி வரை விழித்திருக்கும் எங்களைப் போன்றவர்க்கு இதைப் படிக்கையில் உண்டாகும் மகிழ்ச்சி பிறர்க்கு விளங்காது.

சோறு நேரே தசைக்குப் போய் எரிவதில்லை. குடலில் அது சர்க்கரையாக மாறி, இரத்தத்தில் கலந்து, உயிரணுக்களுக்குள் சென்று, மூச்சில் வந்த பிராணவாயுவோடு சிறிது சிறிதாகக் கூடுகிறது. அப்போது வெளிப்படும் ஆற்றலை உயிரணு ஒரு பொருளில் ஏற்றி வைக்கிறது. அடினோசின் டிரைபாஸ்பேட் என்பது அதன் நீண்ட பெயர். பெரிய நோட்டைச் சில்லறையாக மாற்றிக்கொள்வதற்கு இதனை ஒப்பிடலாம். தசை ஏற்றுக்கொள்வது இச்சில்லறையை மட்டுமே. எந்நேரத்திலும் உடலில் இச்சில்லறை மிகச் சிறிதளவே கையிருப்பு. ஆயினும் அது உடைந்தும் மீண்டும் சேர்ந்தும் ஒரு நாளில் கைமாறுவதைக் கூட்டினால், ஏறத்தாழ ஓர் ஆளின் எடையளவு வந்துவிடுமாம்! இதனைக் கண்டறிந்தவருள் ஒருவர், 1895-இல் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லப்பிரகட சுப்பாராவ். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபிஸ்க் என்பாரோடு சேர்ந்து, தசையின் சேமிப்புப் பொருளாகிய பாஸ்போகிரியேட்டினை 1927-இலும், இச்சில்லறைப் பொருளை 1929-இலும் அவர் வெளியிட்டார். ஜெர்மனியில் லோமன் என்பாரும் அதே 1929-இல் இதனைக் கண்டார். சுப்பாராவுக்கு நோபல் பரிசு கிட்டவில்லை. நம்மிற் பலர்க்கு அவர் பெயரே தெரியாது.

இனி நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். இவ்வளவு நுட்பமான ஏற்பாட்டிலும் ஆற்றலின் பெரும்பகுதி வேலையாக மாறுவதில்லை. நீலகிரி மலைப் பாதை போன்ற சிலவற்றைத் தவிர நீராவி இஞ்சின்கள் நம் இருப்புப் பாதைகளை விட்டு நீங்கிவிட்டன. அவற்றைப் பார்த்திருக்கும் முதியோர் அறிவர்: போட்ட கரியில் பத்தில் ஒரு பங்குகூட வண்டியை இழுக்கப் பயன்படவில்லை, மற்றதெல்லாம் புகையும் ஆவியும் சூடுமாகப் போயிற்று. மனிதத் தசை அதனினும் மேலானது. நூற்றில் இருபது, இருபத்தைந்து பங்கு வேலையாகிறது. எஞ்சிய எழுபத்தைந்தும் எண்பதும் சூடு. அசையாமல் படுத்துக் கிடந்தாலும் இதயம், ஈரல், மூளை ஆகியவை ஓயாது இயங்குவதால் மணிக்கு 60 முதல் 70 கலோரி சூடு பிறந்துகொண்டே இருக்கும். நாம் ஒவ்வொருவரும் பழைய காலத்து 75 வாட் குண்டு விளக்கொன்றைப் போல வெப்பம் வீசிக்கொண்டு இம்மண்டபத்தில் அமர்ந்திருக்கிறோம். விருந்துண்டால் இன்னும் சற்று மிகும். ஏனெனில் உணவைச் செரிக்கவும் செலவுண்டு. புரதம் தரும் ஆற்றலில் நூற்றுக்கு இருபது முப்பது பங்கு அவ்வகையிலேயே சூடாகிவிடுகிறது. மாம்பழம் சூடு, இளநீர் குளிர்ச்சி என்று நம் வீடுகளில் சொல்வதை இக்கருவிகள் காட்டவில்லை. கோடை நண்பகலில் வயிறு முட்ட உண்பது சூடு என்பதை அவை காட்டுகின்றன.

அறுபது கிலோ எடையுள்ள உடலை ஒரு பாகை சூடேற்ற ஏறத்தாழ 50 கலோரி போதும். ஓய்ந்திருப்பவனுக்கே மணிக்கு 60 கலோரிக்கு மேல் பிறக்கிறது. அது வெளியேற வழியில்லையாயின் மணிக்கு ஒரு பாகைக்கு மேல் உடல் சூடேறும். மூட்டை தூக்குபவனுக்கோ மணிக்கு 300 கலோரி வெப்பம் பிறக்கும். வழி அடைபட்டால் அவன் அரை மணியில் 37-இலிருந்து 40-ஐ எட்டிவிடுவான். நாற்பதைத் தாண்டினால் மூளை தடுமாறும். ஆகவே உண்பதைப் போலவே, உண்டதில் பிறந்த சூட்டை வெளியே தள்ளுவதும் உயிர் காக்கும் தொழிலாகும். அதுவும் நம் ஊர்களில் அது கடினமான தொழில்.

குளிர் நாட்டாருக்கு இக்கவலை தலைகீழானது. அங்கே உடல் தோலுக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைத்துக்கொள்கிறது. போதாவிடில் தசைகளை நடுங்கச் செய்து வேண்டுமென்றே சூட்டை உண்டாக்கிக்கொள்கிறது. மார்கழியில் தில்லி வண்டியில் வந்து இறங்கியவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

கோடையில் என்ன நிகழ்கிறது? மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதி இருக்கிறது. இரத்தத்தின் சூட்டைக் கண்காணிக்கும் காவலாளி அது. சூடு சிறிது ஏறினாலும் அது இரண்டு கட்டளை பிறப்பிக்கிறது. ஒன்று, தோலுக்கு இரத்தத்தை மிகுதியாக அனுப்புதல். ஓய்வில் நிமிடத்துக்கு அரை லிட்டர்கூட இராத ஓட்டம், கடுஞ்சூட்டில் ஆறேழு லிட்டர் வரை உயரும். அதற்கேற்ப இதயம் இறைத்தாக வேண்டும். இதய நோயாளரும் முதியோரும் கோடையில் மிகுதியாக இறப்பதற்கு இது ஒரு காரணம். ஆனால் தோலின் சூடு சுமார் 35 பாகை. காற்று அதனினும் குளிர்ந்திருந்தால்தான் சூடு வெளியே செல்லும். காற்று 44 பாகையாக இருக்கும்போது அது நமக்குச் சூட்டைக் கொடுக்குமேயன்றி வாங்கிக்கொள்ளாது. அப்போது எஞ்சியிருப்பது இரண்டாவது வழி ஒன்றே: வியர்வை. இருபது முதல் நாற்பது இலட்சம் வியர்வைச் சுரப்பிகள் நம் தோலில் உள்ளன. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஆவியானால்தான் இப்பயன், சொட்டிக் கீழே விழுந்த வியர்வையால் பயனில்லை.

1775-ஆம் ஆண்டில் லண்டன் நகரில் சார்லஸ் பிளாக்டன் என்னும் மருத்துவர் இதனைத் தம் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தார். தண்ணீர் கொதிக்கும் நிலைக்கும் மேலே, ஏறத்தாழ 127 பாகை வரை சூடேற்றிய உலர்ந்த அறைக்குள் அவர் சில நிமிடம் நின்றார். உடற்சூடு பெரிதும் ஏறாமல் வெளியே வந்தார். அவ்வறையில் வைத்த முட்டை வெந்து இறுகிப் போயிற்று, இறைச்சி வெந்தது, மனிதன் வேகவில்லை. அறையில் இரண்டு பாத்திரங்களில் தண்ணீர் வைத்து, ஒன்றின் மேல் மட்டும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டார். எண்ணெய் மூடிய தண்ணீர் கொதித்தது. திறந்திருந்த தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருந்ததால் கொதிக்கவில்லை. ஆவியாக விடாமல் தடுப்பது எத்தகைய கேடு என்பதை இதைவிட எளிதாகக் காட்ட முடியுமா?

நம் வீட்டு மண்பானையும் இவ்வூர்க் கூலரும் செய்வது இதே வேலையைத்தான். இவ்வூருக்குப் புதிதாக வந்தபோது, தண்ணீர் சொட்டும் புல் தட்டியின் வழியாகக் காற்றை இழுக்கும் தகரப் பெட்டியைப் பார்த்து நான் வியந்திருக்கிறேன். விடுமுறையில் ஊர் செல்கையில் ஒன்றை வாங்கிச் சென்று சென்னையில் என் தமக்கை வீட்டில் வைத்தேன். அறை குளிரவில்லை, சுவர் பூத்ததுதான் மிச்சம்! அத்தான் இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பார். காரணம் எளிது. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றிக் காற்றில் பிடித்தால், ஆவியாதல் எவ்வளவு குளிரச் செய்யக்கூடும் என்பதை அது காட்டும். 44 பாகைச் சூடும் நூற்றுக்குப் பதினைந்து ஈரப்பதமும் உள்ள நாகபுரிக் காற்றில் ஈரத்துணி வெப்பமானி சுமார் 23 பாகை காட்டும். 36 பாகைச் சூடும் அறுபத்தைந்து ஈரப்பதமும் உள்ள கடற்கரைக் காற்றிலோ அது 30-ஐ விட்டு இறங்காது. ஈரத்துணி காட்டும் சூடு 35 ஆகிவிட்டால், நிழலில் சும்மா இருக்கும் மனிதன்கூடச் சில மணி நேரமே பிழைக்க முடியும் என்று 2010-இல் அறிஞர் இருவர் கணக்கிட்டனர். இளைஞர்களை அறையில் வைத்துச் சோதித்து 2022-இல் வெளியான அமெரிக்க ஆய்வோ, ஈரக்காற்றில் 31 பாகை அளவிலேயே உடல் சமநிலை இழக்கத் தொடங்குகிறது என்று கண்டது.

அப்படியாயின் நம் நாகபுரி சென்னையைவிடப் பத்திரமான ஊர் என்று தோன்றும். என் ஒன்றுவிட்ட தம்பியும் அவ்வாறே எண்ணினான்.

தூத்துக்குடியில் ஒரு கடையில் வேலை பார்த்தவன், வயது இருபத்திரண்டு. மே மாத நடுவில் இங்கு வந்து, ஒரு சிறு நிலையத்தின் சரக்குக் கொட்டகையில் சுமை ஏற்றும் வேலையில் சேர்ந்தான். 'அண்ணாச்சி, இங்கே வெயில்தான் பேர், வியர்வையே காணோம். நம்ம ஊர்தான் புழுங்கிச் சாகணும்' என்றான் முதல் நாள் மாலை. நானும் சிரித்தேன். வியர்வை இல்லாமல் இல்லை. பிறந்த கணமே உலர்ந்து போனது. தோளில் உப்புப் பூத்திருந்ததைப் பார்த்தும் நான் பொருள் உணரவில்லை. சுமை தூக்குவதில் மணிக்கு 300 கலோரி, வெயிலும் அனற்காற்றும் ஏற்றுவது ஒரு 150 என்று கொண்டால், அவ்வளவையும் வெளியேற்ற மணிக்கு முக்கால் லிட்டருக்கு மேல் வியர்வை வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு ஆறு லிட்டர். அவனோ காலையில் ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டு போவான். தாகம் எடுக்கவில்லை என்பான். மேலும், உடல் புதிய வெயிலுக்குப் பழக ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும். பழகிய உடல் முன்கூட்டியே வியர்க்கத் தொடங்கும். வியர்வையில் உப்பையும் சிக்கனமாகவே விடும். நிழலில் தராசு பிடித்த கைக்கு அப்பழக்கம் ஏது?

மூன்றாம் நாள் பிற்பகல் மூன்று மணியளவில் அவன் பிதற்றத் தொடங்கினான் என்று என்னை அழைத்தனர். ஓடிச் சென்று பார்த்தேன். கண் செருகியிருந்தது. என்னை யாரென்று தெரியவில்லை. தொட்டால் கை சுட்டது. காய்ச்சல் என்று கருதினேன். அடைத்த அறைக்குள் கிடத்தி, காய்ச்சல் மாத்திரையைப் பொடித்து வாயிலிட முயன்றேன். வண்டி தேடி இங்குமங்கும் ஓடினேன். கால் மணி நேரத்தை நான் வீணாக்கினேன். என் கையாலேயே வீணாக்கினேன்.

அங்கே ஓய்வு பெறும் தறுவாயிலிருந்த மராத்தியப் பாதைக் காவலர் ஒருவர் வந்தார். என்னை ஒதுக்கித் தள்ளினார். 'பாணீ! ஆதி பாணீ!' என்று கூவினார். தண்ணீர், முதலில் தண்ணீர் என்பது அதன் பொருள். அவனை நிழலுக்கு இழுத்து, சட்டையைக் கிழித்தெறிந்து, வாளி வாளியாகத் தலை முதல் கால் வரை ஊற்றினார். சாக்குகளை நனைத்து மேலே போட்டு, அட்டையால் இருவரை விசிறச் சொன்னார். வாயில் ஒரு சொட்டும் விடவில்லை. நினைவில்லாதவன் வாயில் விட்டால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். வண்டி வந்த பிறகும் வழியெல்லாம் ஊற்றிக்கொண்டே வந்தார். மருத்துவமனையில் அளந்தபோது 40.5 பாகை. அதற்கு முன் எவ்வளவு இருந்ததோ! சிறுநீரகம் பழுதுபட்டு, பதினொரு நாள் கிடந்து, பிழைத்தான். 'வாளியை முதலில் தூக்கியவர் யார்?' என்று மருத்துவர் கேட்டார். நான் என்று சொல்ல எனக்கு வாய்க்கவில்லை.

காய்ச்சல் வேறு, வெப்பத் தாக்கு வேறு என்பதை அதன் பின்னரே அறிந்தேன். காய்ச்சலில் மூளையிலுள்ள காவலாளியே சூட்டின் அளவை உயர்த்தி வைக்கிறான். மாத்திரை அவனிடம் சென்று அளவைக் குறைக்கச் சொல்கிறது. வெப்பத் தாக்கில் காவலாளி உயர்த்தச் சொல்லவில்லை. சூடு வெளியேறும் வாய்க்கால் தோற்றுவிட்டது. அங்கே மாத்திரை யாரிடம் சென்று முறையிடும்? வெளியிலிருந்து குளிரச் செய்வதொன்றே மருந்து. அதுவும் அரை மணிக்குள். குளிர்வித்துக்கொண்டே கொண்டு செல்ல வேண்டும்.

இஃது ஒருவன் கதையன்று. 2010 மே மாதத்தில் அகமதாபாத் நகரில் வெப்ப அலையின்போது வழக்கத்தைவிட 1,300-க்கு மேற்பட்டோர் மிகுதியாக இறந்ததாக ஆய்வாளர் கணக்கிட்டனர். அதன் பிறகே, 2013-இல், அந்நகரார் முன்னெச்சரிக்கைத் திட்டம் ஒன்றை வகுத்தனர். பிற நகரங்கள் அதனைப் பின்பற்றின.

நம்மவர் கவனிக்கத்தக்கவை சில உண்டு. மின்விசிறி உலர்ந்த தோலின் மேல் 40 பாகைக்கு மேற்பட்ட காற்றை வீசினால், அது கொல்லன் துருத்தியே. உடம்பை நனைத்துக்கொண்டால் அதே விசிறி மருந்தாகும். இவ்வூரார் தலையிலும் முகத்திலும் துணி சுற்றிச் செல்வதை நாம் கேலி செய்கிறோம். அத்துணி வெயிலையும் அனலையும் தடுக்கிறது. சட்டைப் பையில் வெங்காயம் வைத்துக்கொள்வது என்ன செய்கிறது என்று எந்நூலிலும் காணேன். ஆனால் அவர்கள் பருகும் பச்சை மாங்காய்ப் பானகத்தில் தண்ணீரும் உப்பும் சர்க்கரையும் உண்டு. நம் நீர்மோரும் நீராகாரமும் அதற்குச் சற்றும் தாழ்ந்தவை அல்ல. உழைப்பவர் தாகத்துக்காகக் காத்திராமல் கால் மணிக்கொரு முறை ஒரு குவளை பருக வேண்டும். இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் மருந்துண்பவர் உப்பையும் நீரின் அளவையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நலம். ஊரிலிருந்து பிள்ளைகளை வேலைக்கு அழைப்போர் மே மாதத்தில் அழைக்க வேண்டா. அழைத்தால் முதல் வாரம் பாதி வேலையே கொடுக்கச் சொல்லுங்கள்.

சித்திரை பிறந்துவிட்டது. சரக்குக் கொட்டகை வாயிலில் சங்கத்தின் சார்பில் தண்ணீர்ப் பந்தல் அமைப்பதெனச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. ஆறு பெரிய பானைகளும், பன்னிரண்டு வாளிகளும், பழைய சாக்குகளும் வேண்டும். வாளிகள் குடிப்பதற்கல்ல என்பது உங்களுக்கு இப்போது விளங்கும். பகல் பன்னிரண்டு முதல் நான்கு வரை அங்கே நிற்க நாளொன்றுக்கு இருவர் தேவை. அந்தப் பாதைக் காவலர் ஓய்வு பெற்றுவிட்டார். ஆயினும் முதல் வாரம் வந்து இளைஞர்களுக்குச் செய்து காட்ட இசைந்திருக்கிறார். பெயர் கொடுக்க விரும்புவோர், இசை நிகழ்ச்சி தொடங்குமுன், வாயிலருகே மேசையில் நோட்டுப் புத்தகத்தோடு இருக்கும் என்னிடம் வரலாம்.